நாற்பது வினாடி

பாயான் லெப்பாஸ், ஆறாவது மாடி.
பாலத்தில் நெரிசல், ஹூய் லிங் இன்னும் வரவில்லை.
வெள்ளிக்குள் முடிவு சொல்ல வேண்டும்:
நம் நண்டை வைத்துக்கொள்வதா,
ஆளுக்கு மாதம் பத்தொன்பது டாலர் கட்டி
வெளியில் வாங்குவதா.

நண்டு, லோகேந்திரன் எழுதிய கருவி.
நாங்கள் எழுதும் நிரலை எடுத்து, கட்டி, சோதித்து,
தொழிற்சாலை சர்வரில் கொண்டுபோய் வைக்கும்.
சில நாள் பக்கவாட்டில் போகும்.
அதனால் அந்தப் பெயர்.

"தைத்த சட்டையா, கடைச் சட்டையா? அவ்வளவுதான்"
என்றார் மேலாளர்.
சட்டை யாரையும்
விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பாது, ஐயா.
வாய்விட்டுச் சொல்லவில்லை.

விற்க வந்தவர் நல்ல மனிதர்.
அவர் திரையில் எல்லாம் பச்சை.
பச்சை டிக், பச்சை டிக், பச்சை டிக்.
எங்கள் திரையில் அத்தனை பச்சை தெரிந்தால்
அன்று யாரும் எதையும் தொடவில்லை என்று பொருள்.
"உங்களுக்கென்று தனியாக ஏதாவது தேவையா?"
ஹஃபீஸா என்னைப் பார்த்தாள்.
நான் மேசையைப் பார்த்தேன்.

எக்செலில் இரண்டு பத்தி போட்டேன்.
பதினொரு வரியில் ஒன்பது, வாங்குவதன் பக்கம்.
பிறகு மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு
நண்டின் வயிற்றைத் திறந்து படித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
ஒரே ஒரு கட்டளை: தூங்கு, நாற்பது வினாடி.
அதன் தலையில் ஒரு குறிப்பு:
"மூணாம் நம்பர் சர்வர் லேட்டாத்தான் எந்திரிக்கும்.
அவசரப்படுத்தாதே. தைப்பூசத்தன்னிக்குப் பட்டுட்டேன்."

அந்தத் தைப்பூசம் தெரியும் எனக்கு.
தண்ணீர்மலைப் படியில் பாதி வழியில்
மடிக்கணினியை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தான்.
காவடிகள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறின.

எக்செலில் அதற்கு ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன்.
என்ன தலைப்பு கொடுப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நியாயமாக.
லோகேந்திரன் சிங்கப்பூர் போய்ப் பதினான்கு மாதம்.
அதற்குப்பின் நண்டை யாரும் தொடவில்லை.
தொட்டால் கடிக்கும் என்று
நாங்களே ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டோம்.
புதிதாகச் சேர்ந்த கிரித்தரன்
அதன் பெயரைக் கேட்டாலே நாற்காலியைப் பின்னால் தள்ளுவான்.
எங்களுடையது, எங்களுடையது என்கிறோம்,
எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

வெள்ளிக்கிழமை எழுதினேன்: வாங்கலாம்.

வந்தது.
டிக், டிக், டிக்.
மூன்றாம் நம்பர் சர்வரில் மட்டும் சிவப்பு.
உதவிக் குழுவுக்கு எழுதினேன், எண் ஒன்று கொடுத்தார்கள்.
உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம் என்றார்கள்.
இரவு எட்டரை. மழையில் பாலத்து விளக்குகள் கரைந்து கிடந்தன.
பாக்கெட் மைலோவில் உறிஞ்சுகுழலைக் குத்தியபடி
"தூங்க வை" என்றாள் ஹூய் லிங்.

அவர்கள் கருவிக்குள்
அவர்கள் விட்டுவைத்த சின்னக் கட்டத்தில்
நானே எழுதினேன். நாற்பது வினாடி.
கோப்புக்குப் பெயர் கேட்டது.
கிரித்தரன் நாற்காலியை முன்னால் இழுத்துத் தட்டினான்:
நண்டுக்குஞ்சு.

ஓட்டினோம். மறுபடி சிவப்பு.
நாற்பதை நாற்பத்தைந்து ஆக்கினோம்.
சர்வருக்கும் வயதாகிறது.