நெருக்கச் சுற்று

செவ்வாய், வியாழன், சனி.
விடியுமுன் மன்னார்குடியில் நாலு பேரை ஏற்றி
திருவாரூர் ஆஸ்பத்திரியில் இறக்குகிறேன்.
ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் நாலு மணி நேரம்.
பிறகு திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும்.

பழைய சைலோ. பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது.
மதகுக்கு மதகு அடி விழும்போது
ஊசி ஏறும் கையைப் பிடித்துக்கொண்டு
"பார்த்து தம்பி" என்பார் வேதாம்பாள் டீச்சர்.
திட்டினால்கூடத் தேவலை.

கூத்தாநல்லூர் நஜிமுதீன் பட்டறையில்
இரண்டு புது ஸ்பிரிங் மாட்டினேன்.
ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கி நெருக்கி
மறுமுனையில் அகல அகல.
சுற்றத் தெரியாதவன் செய்த சரக்கை
என் தலையில் கட்டுகிறான் என்றே நினைத்தேன்.

கிரீஸ் விரலால் தொட்டுக் காட்டினான்:
"சின்னக் குலுங்கலுக்கு எல்லாச் சுத்தும் சேந்து குனியும்.
பாரம் ஏற ஏற இந்த நெருக்கமெல்லாம்
ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து வாயை மூடிக்கும்.
மூடினது ஸ்பிரிங் இல்ல, வெறும் இரும்பு.
மிச்சச் சுத்துதான் தாங்கும்.
அதான் பாரத்துல அந்த முரட்டுத்தனம்."

மேல் பாத்தி நிறைந்து மடையை அடைத்தால்
அதே வாய்க்கால் தண்ணீர்
கீழ்ப் பாத்தியில் விறுவிறுவென்று ஏறுமே,
அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

ரோட்டில் காயும் நெல்லைச் சுற்றிய கயிறு
அதற்குப் பிறகு சீட்டுவரை வருவதில்லை.
லெட்சுமாங்குடி வேகத்தடையில் அடி தட்டுவதில்லை.
டீச்சர் தூங்கினார்.

ஒருநாள் கேட்டேன்:
திரும்பும்போது நாலு பேரும் சேர்ந்து
பதினோரு கிலோ தண்ணீரை அங்கே விட்டுவிட்டு வருகிறார்கள்.
ஸ்பிரிங்குக்கு அது தெரியுமா?
நஜிமுதீன் ஸ்பேனரைத் துடைத்தான்.
"ஆள் நெறைஞ்சிருந்தா தெரியாது.
நெருக்கம் மூடிக் கிடக்குமே. வண்டி லேசாகணும்."

டீச்சருக்கு நாளுக்கு முக்கால் லிட்டர்தான் அளவு.
ஆடியில் புதுத் தண்ணீர் நுரைத்து வந்த அன்று
பாலத்தில் கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னார்.

ஆவணியில் மகள் வந்து திருச்சிக்கு அழைத்துப்போனாள்.
பின் தெருவிலேயே மெஷின் இருக்கிறதாம்.
நல்லதுதான்.

டீச்சர், தங்கை, தலையணை, ஃப்ளாஸ்க்
எல்லாம் ஏறி முடிந்ததும்
பின்னால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும்.
கடைசி நெருக்கச் சுற்று மூடுகிறது என்று
நானாக வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று சனி.
மேலராஜவீதி முனையில்
பழக்கத்தில் பிரேக் போட்டுவிட்டேன்.
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஊர் தாண்டி
சக்கரம் நெல் கயிற்றில் ஏறி இறங்கியது.
மெத்தென்று இருந்தது,
கொஞ்சம் அதிகமாகவே.