முயலுக்கா?

புதன்கிழமைச் சந்தை, ஹாலே நகரம்.
டிராம் கம்பிகளிலிருந்து இருட்டு
இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும்போதே
கடை விரித்துவிடுவோம்
நானும் என் கொழுந்தன் லோதாரும்.

நூல்கோலைக் கிழங்கு என்பார்கள். கிழங்கில்லை.
மண்ணுக்கு ஒரு விரல் மேலே
தண்டுதான் மூச்சை இழுத்துப் பிடித்து
அப்படி உப்பிவிடுகிறது.
உடம்பெங்கும் காம்புகள்,
யாரோ அவசரத்தில் குத்திவைத்த ஆன்டெனாக்கள்.
இளசாக எடுத்தால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும்.
இரண்டு வாரம் அசந்தால்
உள்ளே நூலும் கோலும்தான்.

பத்தொன்பது வருடமாக ஒரே கேள்வி:
"இலை வேண்டுமா?"
பத்தொன்பது வருடமாக ஒரே பதில்.
ஒரு முறுக்கு, சடக்,
இலைக்கொத்து சாம்பல் நிறப் பெட்டிக்குள்.
முயல் வளர்க்கிறவர்கள்
சும்மா அள்ளிப் போவார்கள்.

போன அக்டோபரில் அவள் வந்தாள்.
பச்சை மழைக்கோட்டு.
எங்கள் பாஷை அவள் வாயில்
அப்போதுதான் பல் முளைத்திருந்தது.
ஒரே ஒரு நூல்கோல் வாங்கினாள்,
பிறகு பெட்டியைக் காட்டினாள்.
"முயலுக்கா?" என்றேன்.
தலையாட்டினாள்.
"எத்தனை?"
நான்கு விரல்.

நான்கு முயல் என்றால் நல்ல தீனிதான்.
வாரா வாரம் அவளுக்கென்று எடுத்துவைத்தேன்,
பழுத்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு.
வளைந்துபோன கேரட் ஒன்றையும் செருகுவேன்,
முயல்களுக்கு என் அன்பளிப்பு.
அவள் கேரட்டைப் பார்ப்பாள்,
என்னைப் பார்ப்பாள்,
நன்றி என்பாள்.

ஆறாவது புதன் குடும்பத்தோடு வந்தாள்.
புருஷன், அவன் தோளில் தூங்கும் பையன்,
எட்டு வயதில் ஒரு பெண், இன்ஷா.
இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஜெர்மன், பிசிறே இல்லை.
அவளிடம் கேட்டுவிட்டேன்:
"உங்கள் முயல்களுக்கு என்ன பெயர்?"
"எந்த முயல்?"

அம்மாவின் முகம் பீட்ரூட்.
அன்றைக்கு அந்தச் சொல் அவளுக்குத் தெரியாதாம்.
வீட்டில் சாப்பிட எத்தனை பேர்
என்று கேட்கிறேன் என நினைத்தாளாம்.
விஷயம் புரிந்தபோது மூன்று வாரம் ஓடிவிட்டது.
மூன்று வாரம் முயலாக இருந்துவிட்டு
எந்த முகத்தோடு திரும்ப மனுஷியாவது?

லோதார் சிரித்த சிரிப்பில்
தராசு முள் ஆடியது.
நான் சிரிக்கவில்லை. அது பொய்.
நானும் சிரித்தேன், கடைசியில் அவளும்.

அடுத்த வாரம் ஒரு டப்பா கொண்டுவந்தாள்.
ஸ்ரீநகரில் அவள் வீட்டில்
வாரத்தில் நாலு நாள் இதுதானாம்.
கடுகெண்ணெய், பூண்டு, இரண்டு வற்றல் மிளகாய்.
இலையும் காயும் ஒன்றாய் வெந்து,
அடியில் மெல்லிய சாறு, பக்கத்தில் சோறு.
கடைக்குப் பின்னால் கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து
கையுறையோடு சாப்பிட்டேன்.
எண்ணெய் மூக்கில் ஏறி
கண்ணில் வந்து இறங்கியது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் இத்தனை காலம்?
தோலைச் சீவி, சதுரமாய் வெட்டி,
பாலாடையில் மூழ்கடித்து, ஜாதிக்காய் தூவி,
அது நூல்கோல் என்பதே
அதற்கு மறந்துபோகும்வரை வேகவிட்டேன்.
என் சர்க்கரைக் கணக்கைப் பார்த்த டாக்டர்
காய்கறி சாப்பிடுகிறாயா கெர்லிண்டே என்றாள்.
விற்கிறேன் என்றேன்.

இப்போது ஒன்றைப் பச்சையாகவே நறுக்கி
உப்புத் தொட்டுக் கடிக்கிறேன், வாடிக்கையாளர் முன்னால்,
ஆப்பிளுக்கு முட்டைக்கோஸ் முறைமாமன் என்பதுபோல்
ஒரு ருசி, ஒரு கறுக்முறுக்.
எடைக்கு எடை ஆரஞ்சுக்கு
இது இளைத்ததில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன்.
பாதிப் பேர் அவகாடோவை அமுக்கிப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.
போகட்டும்.

இலைக்கு ஐம்பது சென்ட் என்று
பலகையில் எழுதினான் லோதார்.
கைமுட்டியால் அழித்தேன். மறுபடி எழுதினான்.
சண்டை இன்னும் நடக்கிறது.

நேற்று பெரியவர் வென்ஸ்லாஃப் வந்தார்,
நிஜமாகவே இரண்டு முயல் வைத்திருப்பவர்.
பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார்.
அடியில் ஒரு காம்பு, ஒரு நத்தை.
"எங்கே எல்லாம்?"

வளைந்த கேரட் இரண்டை
அவர் பையில் போட்டேன்.
"முந்திக்கொண்டார்கள்" என்றேன்.
"யார்?"
எண்ணிப் பார்த்தேன்.
நான்கும், என்னோடு ஐந்தும்,
ஒளித்துச் சாப்பிடும் லோதாரோடு ஆறும்.