முன்சில்லில் ஒரு டொக்

மாசி கடைசியில் தொடங்கியது.
நீல்சன் வீதியிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பி
வேகத்தடை ஏறி இறங்கும்போது
டொக்.
ஒரேயொரு டொக்.
கதவைத் தட்டிவிட்டு
உள்ளே வராமல் நிற்கிற ஆளைப் போல.

"கேட்டதே?" என்றேன்.
"இல்லை" என்றார்.

முப்பதில் போனால் கேட்கும், ஐம்பதில் கேட்காது.
வலப்பக்கம் திருப்பினால் கேட்கும்.
குளிர் மைனஸ் பத்துக்குக் கீழே போனால்
இரண்டு தரம் கேட்கும்.
பால் வாங்கிய பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில்
எல்லாம் குறித்துவைத்தேன்:
நாள், இடம், வேகம், குளிர்.
பிள்ளைக்குக் காய்ச்சல் எடுத்தபோதுகூட
இவ்வளவு ஒழுங்காக எழுதவில்லை.

முன் தட்டைத் துழாவி வெறுமையாக்கினேன்.
மூன்று பேனை, ஒரு திருநீற்றுச் சரை,
நீதான் துலைச்சது என்று
ஒருவரை ஒருவர் திட்டிய வீட்டுத் திறப்பு.
டிக்கியிலிருந்து உப்பு மூட்டையை இறக்கினேன்,
பனி அள்ளும் சவளை இறக்கினேன்,
ஜாக்கியைப் பழைய துவாயில் சுற்றினேன்.
டொக்.

நகெற் அவெனியூவில் தேவகடாட்சத்தின் கராஜ்.
அவர் ஓட்ட, நான் பக்கத்தில்.
அதிபருக்கு முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி
கார் வாய் திறக்கவில்லை.
மூன்று சுற்று.
"அக்கா, இதுக்கு நான் எதை மாத்த?"
வந்த பாவத்துக்கு
ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டை மாற்றினார்.
நூற்றெண்பது டொலர்.
அவருடைய கராஜ் வாசல் பள்ளத்திலேயே
டொக்.

"உனக்கு மட்டும்தான் கேக்குது" என்றார் இவர்.
"இருபத்தொரு வரியமா ஓடுறன், எனக்குத் தெரியாதே?"
அந்த இருபத்தொரு வருடமும் அவர் நின்றது
தகடு அமத்துகிற தொழிற்சாலையில்.
காதடைப்பான் போட்டால்
மேற்பார்வையாளர் கூப்பிடுவது விளங்காதென்று
போடாமல் விட்டவர்.
அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.
என்னைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.
இரவில் கண்ணை மூடாமல் கிடந்து
ஹீட்டர் குழாய் தட்டுவதை எண்ணினேன்.

பங்குனியில் ஒரு ஞாயிறு.
வெயில், சூடில்லாத வெயில்.
சில்லை முழுதாகத் திருப்பி விட்டு
அட்டைப் பெட்டியொன்றைப் பிரித்து விரித்து
அதில் முழங்காலிட்டார்.
ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்டத்தான்.
நான் முன்மூடியில் இரண்டு கையையும் ஊன்றி
அமத்தினேன், விட்டேன், அமத்தினேன்.
டொக். டொக்.
நாயோடு போய்க்கொண்டிருந்த
பக்கத்து வீட்டு மொயிரா நின்று பார்த்தாள்.
நாயும் காதைத் தூக்கியது.
இவர் சொன்னார்: "எங்கை? அமத்தன்."

அமத்தினேன்.

பிறகு கையுறையைக் கழற்றினார்.
சில்லுக்குப் பின்னால் தோள்வரை கையை விட்டு
ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தார்,
நாடி பார்க்கிற மாதிரி.
அமத்தினேன்.
கண் மேலே போனது. கை அசையவில்லை.
"இன்னொருக்கா."
அமத்தினேன்.
"கீழ் வளையம் உடைஞ்சு கிடக்கு" என்றார்.
"கையிலை அடிக்குது."
"சத்தம்?"

அவர் நாயைப் பார்த்தார்.
"எத்தினை நாளா?" என்று கேட்டேன்.
ஸ்பிரிங்கைக் கேட்கிறேன் என்று
நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை.
கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உப்புத் தின்ற அந்தத் துண்டு,
அரிவாள் மாதிரி வளைந்தது,
இப்போது குசினி யன்னலில் கிடக்கிறது.
தேவகடாட்சம் வெட்கப்பட்டு
லிங்குக் காசில் எண்பதைக் கழித்தார்.
காதுக்கு வைத்தியரிடம் திகதி எடுத்திருக்கிறது,
சித்திரை பதினாறு, காலை ஒன்பதே கால்.

வேகத்தடை வரும்போதெல்லாம்
அவர் றோட்டை விட்டு என் முகத்தைப் பார்க்கிறார்.
இல்லை என்று தலையாட்டுகிறேன்.
நேற்றிலிருந்து, பின்பக்கமாக,
மெல்லிய கிறீச்சொன்று.
இன்னும் சொல்லவில்லை.