எந்தக் கை

மட்டக்குளி கிளினிக்கில்
பதினேழு தாய்மாருக்கு ஒரு மின்விசிறி.
நாற்பத்தைந்தாம் நாள்.
சட்டையின் முன்பக்கம் நனைந்து
துவாயால் மூடியிருக்கிறேன்.

"பால் குடுக்கும்வரை ஒண்டும் தங்காது"
காலையில் மாமி சொன்னா, உள்ளி உரித்தபடி.
அவவின் மூத்தவருக்கும் அடுத்தவருக்கும்
பன்னிரண்டு மாதம்தான் இடைவெளி.
நான் கணக்குச் சொல்லவில்லை.

குசும்லதா மிஸ் மேசையில் பரப்புகிறார்:
இரண்டு விதக் குளிசை அட்டை, ஊசிக் குப்பி,
செப்புக் கம்பி சுற்றிய லூப்,
தீக்குச்சி நீளத்தில் இரண்டு குச்சி.
"அந்தக் குளிசை இப்ப வேணா.
மத்தது எல்லாம் பாலுக்குப் பிரச்சின இல்ல."
இருட்டில் படியிறங்குவது போல
ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாய்க் கால் வைக்கிறார்.

றெஜினோல்ட் போனில்:
"நீ சொல்றதுதான்."
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
எதைத் தூக்குவதென்று
கீழேயிருந்து யாராவது கை காட்டவேண்டும்.

இரவில் ஐந்து தரம் எழும்புகிறவளுக்குக்
குளிசை நேரம் எங்கே நிற்கும்?
நேற்றும் அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தல்
வற்றிக் கருகியது.
லூப் என்றால் என்னவோ பயம்,
காரணமில்லை, பயம்தான்.

குச்சி, என்றேன்.

"எழுதுற கை எது?
மத்தக் கையில டொக்டர் வைப்பாங்க."

இடக்கையில் இவளுடைய தலை.
அந்த முழங்கை மடிப்பைத் தவிர
வேறெங்கும் உறங்கமாட்டாள்.

எழுதுவது குறைவு மிஸ்,
வலதில் வைக்கச் சொல்லுங்கோ.

பேனையைக் கீழே வைத்தார்.
காலையிலிருந்து எல்லாரையும் 'அம்மா' என்றவர்
என் பெயரைக் கேட்டார்.

சுலக்சனி, என்றேன்.
இவள் ஏப்பம் விட்டாள்.