ஐந்தாம் கட்டம்

கரோங்காவில் காலரா ஓய்ந்த மூன்றாம் வாரம்.
மினிபஸ்ஸில் பதினொரு மாணவர்கள்,
ஒரு பெட்டி உப்புக்கரைசல் பொட்டலம்,
நான். எனக்கே முப்பத்தொன்றுதான்.

போர்டில் போட்டுக் காட்டியிருந்தேன்:
இரண்டுக்கு இரண்டு, நாலு கட்டம்.
ஏரித் தண்ணீர் குடித்தவர், குடிக்காதவர்.
நோய் கண்டவர், காணாதவர்.
கீழே பகுதி தெரியாமல்
மேலே தொகுதியை வைத்துக்கொண்டு
என்ன கிழிப்பீர்கள் என்று
முதல் நாளே கத்தியும் இருந்தேன்.

நோயாளிகள் சுலபம்.
சுகாதார நிலையப் பதிவேட்டில் வரிசையாகக் கிடந்தார்கள்,
பெயர், வயது, எத்தனை பாட்டில் ஏற்றினோம்.
நோய் வராதவரைத் தேடுவதுதான் பாடு.
வீடு வீடாகப் போய்
உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே,
அதனால்தான் வந்தோம் என்று சொல்ல வேண்டும்.
மீன் உலர்த்தும் பரண் பக்கம் ஒருவர் சிரித்தார்:
"சாகாததற்கும் விசாரணையா?"

பதினேழாவது வீட்டில் வொங்கானி நின்றுவிட்டான்.
எலினெஸ் முவாங்கொண்டே, இருபத்தாறு.
ஏரித் தண்ணீர்: ஆம். நோய்: இல்லை.
இரண்டாம் கட்டத்தில் ஒரு கோடு.
நன்றி சொல்லித் திரும்பும்போது அவள் கேட்டாள்:
"பையனைப் பற்றிக் கேட்கமாட்டாயா?"

பதினெட்டு கிலோமீட்டர்.
ஆம்புலன்ஸ் இருந்தது, டீசல் இல்லை.
சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டி
ஆற்றுப் பாலம்வரை மிதித்தார்கள்.
அங்கிருந்து திரும்பினார்கள்,
வேகமாக மிதிக்க வேண்டிய அவசியம் இல்லாமல்.

பதிவேட்டில் அவன் இல்லை.
பதிவேட்டைக் கேட்டால்
அந்தக் கரையில் காலராவே இல்லை.
ரொம்பத் தூரத்து ஊர்கள் எல்லாம்
நம் வரைபடத்தில் எத்தனை ஆரோக்கியமாக இருக்கின்றன!

இரவு, விடுதியில்,
ஜெனரேட்டர் நிற்பதற்குள் தாள்களைத் திருத்தினேன்.
வொங்கானியின் நாலு கட்டமும் சரி.
கூட்டல் சரி. விகிதம் சரி.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
பென்சிலால் இன்னொரு கட்டம்:
வந்து சேராதவர்கள். குறைந்தது ஒருவர்.

விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் கிடையாது.
விடைக்குறிப்பு எழுதியதும் நான்தான்.

காலையில் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
டீசல் விஷயம் என்றேன்.
எத்தனை கேஸ் விட்டுப்போனது என்றார்கள்.
ஒன்று என்றேன்.
ஒன்றுதானா?

குறைந்தது, என்றேன்.