மாதாந்த வாசிப்பு

கோமாரிக்கு இப்பால், மாரி மழை விட்ட காலையில்
தார் ரோட்டில் இரண்டு கிடந்தன.
தீப்பெட்டியின் அகலம்தான்.
முதுகில் நட்சத்திரம் இன்னும் கதிர் விடவில்லை,
யாரோ மஞ்சள் பேனையை எழுதுமா என்று
கிறுக்கிப் பார்த்தது போல.

ஒன்றின் ஓட்டு விளிம்பை
நகவெட்டி அரத்தால் கொஞ்சம் ராவி அடையாளம் வைத்து
நாகதாளிப் பற்றைக்குள் விட்டேன்.
மற்றது என் காற்சட்டைப் பையில்
பொத்துவில் வரை வந்தது.
ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

நான் மீட்டர் வாசிக்கிறவன்.
அன்றைக்கு றிபாயா வீட்டுக்குச் சிவப்புப் பில்.
"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் எண்டு சொல்லுவாங்களே,
ரெண்டும் ஒரே நாளையில வந்திருக்கு"
என்று சிரித்தா.
வளர்க்கப்படாது, சட்டம் இருக்கு என்றேன்.
மெதுவாகத்தான் சொன்னேன்.

அவட மகன் அதீப்
மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில்
அடிமட்டத்தால் அளந்து பென்சிலில் எழுதினான்.
மூன்றரை.
நாலரை.
ஒரு வருசத்தில் ஏழு தாண்டியது.
பாணும் பால் பிஸ்கட்டும் அவித்த முட்டையும்,
சீமெந்து முற்றம், தகரக் கூரை நிழல்,
நாய் வராது, நெருப்பு வராது.
தோஹாவிலிருந்து வாப்பா வீடியோவில் பார்த்து
"மாஷா அல்லாஹ், பிள்ளைய விட வளந்திட்டே" என்றார்.

பற்றையில் விட்டதை
அந்த வருசம் இரண்டு தரம்தான் கண்டேன்.
நாலு புள்ளி ஆறு.
மறுகா ஒரு கோடை முழுக்கக் காணவில்லை,
மழைக்கு வெளியே வந்தபோதும் ஐந்துதான்.
சோறு போடாத வீட்டுப் பிள்ளை மாதிரி
எனக்கே வெட்கமாக இருந்தது.
கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியோடு கல்லு.
கால் என் பெருவிரலைத் தள்ளிய தள்ளில்
மீட்டர்ப் புத்தகம் கீழே விழுந்தது.

மூன்றாம் வருசம்
றிபாயா வீட்டு ஆமை பதினாலு.
ஆனால் முதுகு?
ஒவ்வொரு நட்சத்திரமும் கூம்பாய் எழும்பி,
பிட்டுக் குழல்களைக் குத்தென நிறுத்தி வைத்தது போல,
இடையில் பள்ளம்.
நடக்கும்போது வயிறு சீமெந்தில் உரசும் சத்தம்.
வயிற்றோட்டில் விரல் வைத்தேன்,
பழைய றப்பர் செருப்பு மாதிரி அமிழ்ந்தது.
அதீப் சுவரில் பதினாலுக்குக் கீழே
இரண்டு கோடு இழுத்திருந்தான்,
வகுப்பில் முதலாம் பிள்ளைக்கு இழுக்கிற மாதிரி.

சுவரைப் பார்த்தேன், மீட்டரைப் பார்த்தேன்.
எண் ஏறினால் ஊரில் அதற்கு வளர்ச்சி என்று பெயர்.
என் தொழிலில் அதற்குப் பெயர் பில்.
யாருடைய பெயருக்கு அது வரும் என்பதும்
எனக்குத் தெரியும்.

ஒரு தரம் மழைக்குள் விட்டுப் பாருங்க என்றேன்.
றிபாயா தூக்கி மண்ணில் வைத்தா.
முதல் துளிக்குத் தலையை இழுத்தது,
பிறகு நீட்டியது,
கழுத்து அவ்வளவு நீளம் என்று
மூன்று வருசமாய் அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.
அது புல்லைக் கடிக்கவில்லை.
புல் என்றால் என்ன என்று
முகர்ந்துகொண்டே நின்றது.
"இனி என்ன செய்யிற?" என்றா,
குடை என் பக்கம் சாய்ந்திருந்தது.

வனவிலங்குக் கந்தோரின் நம்பரை
சிவப்புப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
யார் கொண்டுவந்தது என்று கேட்டால்
என் பெயரைச் சொல்லச் சொன்னேன்.

இந்த மாரிக்கு மூன்று தரம் கோமாரிக்குப் போனேன்.
வெட்டு வைத்த ஓடு அகப்படவில்லை.
நாகதாளியின் தாழ்ந்த இலை ஒன்றில்
அரைவட்டமாய் ஒரு கடி,
ஓரத்தில் பால் பிசின் இன்னும் காயவில்லை.
அதுதானோ, வேறொன்றோ.

கேற் பூட்டிய வீட்டுக்கு
நாங்கள் 'கதவு பூட்டு' என்று எழுதி
சராசரி போட்டுவிட்டு வருவது வழக்கம்.
அன்றைக்குக் 'கதவு பூட்டு' என்று மட்டும் எழுதினேன்.
சராசரி போடவில்லை.