‘உரையாடல்’, துருவெஃகு, ஒன்பது மீட்டர்

டிராம் ஓட்டுகிறேன்.
நாளைக்குப் பதினோரு முறை அதைக் கடக்கிறேன்,
சிவப்பு விழுந்தால் நாற்பது விநாடி கூடுதலாக.
எந்த விமர்சகருக்கும் இத்தனை அவகாசம் கிடைத்திராது.

தம்பெரேயில், மூடிய நூற்பாலைக்கு எதிரே,
பேருந்து நிறுத்தம் இருந்த இடத்தில்
இரண்டு எஃகுப் பாளங்கள்.
நிறுத்தத்துக்கு ஒரு கூரை இருந்தது, பெஞ்சு இருந்தது,
யாரோ மறந்த ஒற்றைக் கையுறை எப்போதும் இருந்தது.
அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

இதற்குப் பெயர் உண்டு. பித்தளைத் தகட்டில்,
ஃபின்னிஷிலும் ஸ்வீடிஷிலும்: உரையாடல்.
விலை தகட்டில் இல்லை;
அதை வரி ரசீதில் படித்துக்கொண்டோம்.

நியாயமாகப் பார்க்கத்தான் முயன்றேன்.
வடக்கிலிருந்து வரும்போது: ஒரு கதவு, வீடு இல்லாமல்.
தெற்கிலிருந்து: சண்டை முற்றி
முதுகு காட்டிப் படுத்த இருவர்.
மழையில் மட்டும் அழகு, ஒத்துக்கொள்கிறேன்.
துரு கரைந்து கருங்கல் தரையில்
தேநீர் போல வடியும்.
திங்கள்தோறும் அந்தத் தேநீரைத் தேய்த்துக் கழுவுகிறவன் வெய்யோ.
கலையா கறையா என்று கேட்டேன்.
“மணிக்கூலிக்கு இரண்டும் ஒன்று.”

பாளங்களுக்கு நடுவே இரண்டு சாண்.
காற்று மட்டும் நுழைந்து ஊளையிடும்.
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
இதுவா உரையாடல்?

பிறகு திரும்பி என் பெட்டிக்குள் பார்த்தேன்:
நாற்பது பேர், நாற்பது சன்னல்.
சிற்பி எங்களைப் பார்த்துத்தான் செய்தாரோ?
கேலி என்றால் மன்னிப்பேன்.
புகழ்ச்சி என்றால் மாட்டேன்.

சனவரியில், மைனஸ் இருபத்து மூன்றில்,
மழலையர் பள்ளி வரிசையிலிருந்து நழுவிய ஏலி,
வயது ஐந்து,
அதுவரை எவரும் செய்யாத விமர்சனம் செய்தான்:
நக்கிப் பார்த்தான்.

நாக்கு ஒட்டிக்கொண்டது.

எனக்குச் சிவப்பு. பிறகு பச்சை. நான் நகரவில்லை.
கியோஸ்கிலிருந்து மார்கெத்தா ஃபிளாஸ்கோடு ஓடிவந்தாள்,
செருப்பு மாற்றாமல்.
அப்திரிசாக் மேலங்கியைக் கழற்றி விரித்துக் காற்றை மறித்தான்.
நாயோடு வந்தவர்
நாயை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் நீட்டினார்.
இழுக்காதே, மூக்கால் மூச்சு விடு,
சூடு பார்த்து ஊற்று,
என் மகனும் ஒருமுறை, பாலத்துக் கம்பியில்...
ஏழு நிமிடம், எல்லோரும் ஒரே நேரத்தில்.
வெதுவெதுத்த தேநீர் எஃகில் இறங்கியது.
பேச முடியாதவன் அவன் ஒருவன்தான்.

விடுபட்டான். கொஞ்சம் ரத்தம், நிறைய அழுகை.
நாய் கைமாறியது.
அவரவர் தங்கள் கழுத்துப்பட்டைக்குள்
திரும்பப் போனார்கள்.

தாமதத்துக்குக் காரணம் எழுது என்றது படிவம்.
‘உரையாடல்’ என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் அடித்துவிட்டுத்
‘தடங்கல்’ என்று திருத்தினார்.

இதையெல்லாம் சிற்பி
தன் கணக்கில் வரவு வைக்க வேண்டாம்.
பழைய நிறுத்தத்தின் கம்பியும்
ஒரு நாக்கைப் பிடித்து வைத்திருக்கும்,
மேலே கூரையோடு,
உட்கார்ந்து அழ ஒரு பெஞ்சோடு.